தரை டிக்கெட் கண்ணால் ஒரு மௌனப் படம்

செந்துறை, குன்னம் பக்கத்து டெண்டுக் கொட்டகைகளில் மெஷின் ஓட்டியவன் நான். எந்தப் படமானாலும் தரை டிக்கெட்டுக்காரர் கண்ணால்தான் பார்க்க வரும். 'ஜமாய் பாபு'வையும் அப்படித்தான் பார்த்தேன். கல்கத்தாவில் 1931இல் எடுத்த மௌனப் படம், முழுக்கக் காமெடி. இருபது நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடும். எடுத்தவர் காளிபத தாஸ். பட்டிக்காட்டு மாப்பிள்ளை கோபர்தனாக நடித்தவரும் அவரே.

மாமனார் வீடு தேடிக் கல்கத்தா வந்த கோபர்தன் வழி தவறி அலைகிறான். படத்தின் பலமே அந்த அலைச்சல்தான். செட் கிடையாது, நிஜத் தெருக்கள். இன்றைய ஹௌரா பாலம் 1943இல்தான் வந்தது. படத்தில் இருப்பது பழைய மிதவைப் பாலம். மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஊரையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அரியலூரில் ரயிலேறி எழும்பூரில் இறங்கித் திருதிருவென விழித்தவர்களுக்கு அவன் முழி புரியும்.

இரவில் மனைவியைப் பார்க்க அவன் பதுங்கிப்போகும் கட்டம்தான் பலவீனம். ஒரே வேடிக்கையை இழுத்துவிட்டார்கள். சேட்டைகளில் சாப்ளின், ஹெரால்ட் லாயிட் வாடை. ஆனால் சாப்ளின் விழுந்து எழுந்தால் மனசு கொஞ்சம் வலிக்கும். இவன் விழுந்தால் சிரிப்போடு சரி.

அந்த நாளில் இதற்கெல்லாம் மருந்து இருந்தது. எங்கள் ஊர்கள் திருச்சி ஜில்லாவில் இருந்த காலம். திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மெஷினும் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். எங்கள் தொழிலுக்கு அவர்தான் மூலபுருஷர். மருந்து என்றது இதைத்தான்: மௌனப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருப்பார். வாய் சாமர்த்தியம் உள்ளவர் கிடைத்தால் தொய்ந்த கட்டமும் நிமிர்ந்துவிடும்.

ஒரு தொழில் விஷயம். கைப்பிடி சுற்றி எடுத்த மௌனப் படங்கள் பல, நொடிக்கு 16, 18 பிரேம் கணக்கு. பேசும்பட மெஷினில் 24இல் விட்டால் ஆட்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். அதைப் பார்த்துச் சிரித்தால் அந்தப் பெருமை மெஷினுக்கு. நடிகர் கணக்கில் சேராது.

நம்மூர் நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படம் 'கீசக வதம்' நமக்கு ஒரு ரீல்கூட மிஞ்சவில்லை. 'ஜமாய் பாபு' பிழைத்துக் கிடக்கிறது. முதல் பாதிக்குத் தரை டிக்கெட் விசிலடிக்கும். பின்பாதியில் பீடி பற்றவைக்க எழுந்து போகும்.