சுவாபிய மலையும் யாழ். குடாநாடும்: ஒரே கல், ஒரே தண்ணீர்ப் பிரச்சினை

ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகருக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் சுவாபிய மலைத்தொடர் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் நீளமானது. அதன் மிக உயர்ந்த இடமான லெம்பேர்க் 1015 மீற்றர். மழைக்கும் பனிக்கும் அங்கு குறைவில்லை. ஆனாலும் மலையின் மேல் ஆறுகளைக் காண்பது அரிது. காரணம், யுராசிக் காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல். மழைநீர் அதை மெல்லக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. விழும் நீர் அவற்றினூடாகக் கீழே இறங்கிவிடும்.

அந்த மலைக் கிராமத்தவர்கள் கூரையில் வடியும் மழைநீரைத் தொட்டிகளிலும் குட்டைகளிலும் சேர்த்தே வாழ்ந்தார்கள். 1871இல் தான் பள்ளத்தாக்கிலிருந்து இயந்திரத்தால் ஏற்றிய நீர் யுஸ்டிங்கன் என்ற ஊருக்கு முதலில் வந்தது.

யாழ்ப்பாணத்தவருக்கு இந்தக் கல் புதிதல்ல. குடாநாட்டின் அடியிலும் சுண்ணாம்புக் கல்தான்; வயதில் இளையது, மயோசீன் காலத்தது. மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இந்தக் கல் தந்தவை.

சுண்ணாம்புக் கல்லுக்குள் நீர் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதற்கு டனூப் நதியே சாட்சி. இம்மென்டிங்கன் அருகே அந்த நதி நிலத்துக்குள் புகுந்துவிடுகிறது. கோடையில் பல நாட்கள் படுக்கை முழுவதும் காய்ந்து கிடக்கும். 1877இல் அடோல்ப் க்னொப் என்ற பேராசிரியர் அங்கே 10 கிலோ சாயத்தையும் 20 தொன் உப்பையும் எண்ணெயையும் கொட்டச் செய்தார். ஏறத்தாழ 60 மணிநேரத்தில், 12 கிலோமீற்றர் தெற்கே உள்ள ஆக் ஊற்றில் பச்சை நிற உப்புநீர் வெளிவந்தது. கருங்கடலுக்குப் போக வேண்டிய நீர் ரைன் நதி வழியே வடகடலுக்குப் போகிறது!

மணல் நீரை வடிகட்டும். வெடிப்புள்ள இந்தக் கல் அப்படிச் செய்வதில்லை. சாயம் போன வழியில் கழிவும் போகும்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கு நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேல்மட்டம் சிறிது இறங்கினாலும் அடியில் உவர் வெகுவாக ஏறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊற நேரம் இருந்தது. பம்பு அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. தோட்ட உரமும் மலகூடக் குழியும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்று அளவை உயர்த்தியிருக்கின்றன. இது கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது.

ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்புபவர்கள் தளக்கல்லின் நிறத்தை வட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்பதையும், அயலவர் கிணறு எங்கே என்பதையும் கேட்கலாம். கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.