வேலியில் பழுத்த சொற்கள்

ஒரு நாட்டு மக்களின் வாழ்வை அறிய அவர்தம் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் மட்டும் நோக்கினால் போதாது. அவர்கள் எந்தப் பழத்தை விலை கொடாமல் பறித்து உண்டனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். விக்டோரியா அரசியார் ஆட்சி புரிந்த 1837 முதல் 1901 வரையிலான காலத்து இங்கிலாந்தில் அத்தகைய பழம் ஒன்று இருந்தது. அதுவே பிளாக்பெரி.

நம் குழந்தைகள் ஆங்கிலப் பாடநூலில் இப்பெயரைக் கண்டு, "இது நம் நாவற்பழந்தானே?" என்று வினவுவதுண்டு. அன்று. நாவல் மரத்தில் பழுப்பது. இதுவோ ரோசாவின் குடும்பத்தைச் சார்ந்த ஒரு முட்புதரில், சிறு மணிகள் பல ஒட்டிய கொத்தாகப் பழுப்பது. ஆகஸ்டுத் திங்களில் பழுக்கத் தொடங்கி இலையுதிர் காலம் வரை நீடிக்கும். முதலில் பச்சை, பின்னர்ச் சிவப்பு, முடிவில் கருமை என நிறம் மாறும். 'பச்சை' எனும் நம் சொல்லைப் போலவே ஆங்கிலச் சொல்லும் நிறத்தையும் கனியாமையையும் ஒருங்கே குறிக்கும். ஆதலின், இக்கரும்பழம் பச்சையாய் இருக்கையில் சிவப்பாய் இருக்கும் என்று ஆங்கிலேயர் வேடிக்கையாகக் கூறுவர்.

வேலி தந்த கனி

இப்பழம் ஏழைகளின் பழமான வரலாறு எண்ணத்தக்கது. முற்காலத்து இங்கிலாந்தின் சிற்றூர்களில் பொதுநிலங்கள் பரந்து கிடந்தன. ஏழைகள் அங்கே ஆடு மாடு மேய்த்தனர், விறகு பொறுக்கினர். 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் இயற்றிய 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலத்தை அடைத்துத் தனியார் உடைமையாக்கின. அடைத்த நிலத்தைச் சுற்றி முட்செடிகளால் உயிர்வேலி எழுப்பினர். பறவைகள் விதைத்த பிளாக்பெரிப் புதர் அவ்வேலிகளில் தானே படர்ந்தது. ஏழையை வெளியே நிறுத்த எழுந்த வேலியே ஏழைக்குக் கனி ஈந்தது! நிலம் ஒருவனுக்குச் சொந்தம். வழியோரத்து வேலியின் கனியோ, எட்டிப் பறிக்கும் எவர்க்கும் சொந்தம் என்பது ஊர் வழக்காயிற்று. காட்டில் தானே விளையும் கனியை விற்பனைக்கன்றிப் பறிப்பது திருட்டாகாது என 1968ஆம் ஆண்டின் சட்டம் தெளிவாகவே எழுதி வைத்தது.

பறித்தலும் பள்ளியும்

பிளாக்பெரி பறிக்கச் செல்லுதலுக்கு ஆங்கிலத்தில் தனியொரு சொல்லே உண்டு: 'பிளாக்பெரியிங்'. தாயும் பிள்ளைகளும் கூடைகளையும் தகரக் குவளைகளையும் ஏந்திப் புறப்படுவர். வளைந்த கைப்பிடியுள்ள கோலால் உயர்ந்த கிளைகளைத் தாழ்த்துவர். மாலையில் கைகளில் முட்கீறலும், உதடுகளில் கருநீலக் கறையுமாக வீடு திரும்புவர். பறித்ததில் ஒரு பகுதி வீட்டுக்கு; மற்றொரு பகுதி விலைக்கு. அவ்வாறு வந்த காசு பல குடும்பங்களுக்குக் குளிர்காலத்துக்கு உதவியது.

1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஊர்தோறும் பள்ளி அமைய வழி செய்தது. 1880இல் ஐந்து முதல் பத்து அகவை வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டாயமாயிற்று. ஆயினும் வேலியில் பழம் கறுத்ததும் வகுப்பு வெறுமையாயிற்று. பிள்ளைகள் பிளாக்பெரி பறிக்கச் சென்றுவிட்டனர் என்ற குறிப்பு, அக்காலச் சிற்றூர்ப் பள்ளிகளின் நாட்குறிப்பேடுகளில் ஆண்டுதோறும் இடம்பெறுவது. சட்டத்தின் குரலினும் பசியின் குரல் உரத்தது போலும்! காலம் செய்த விந்தையைக் காணுங்கள். முதல் உலகப்போரின் இறுதியாண்டான 1918இல், படைவீரர்க்கு வேண்டிய பழப்பாகிற்காக அரசே பள்ளிப் பிள்ளைகளைப் பிளாக்பெரி பறிக்க அனுப்பியது. முன்னர்க் குற்றமாய்ப் பதிவானது பின்னர் நாட்டுத் தொண்டாயிற்று.

அடுக்களையும் மருந்தும்

சர்க்கரை விலையுயர்ந்திருந்தவரை இப்பழத்தைப் பறித்தவுடன் உண்பதே ஏழைக்கு எளிது. 1874இல் சர்க்கரை வரி அறவே நீங்கியதும் நிலை மாறிற்று. பழப்பாகு ஏழையின் ரொட்டிக்கும் வந்தது. தோட்டத்தில் ஆப்பிள் பழுக்கும் அதே பருவத்தில் வேலியில் பிளாக்பெரியும் பழுக்கும். ஆப்பிளிலுள்ள பெக்டின் பாகை இறுகச் செய்யும். ஆதலின் இரண்டையும் கூட்டிச் சமைக்கும் வழக்கம் ஆங்கில அடுக்களையில் நிலைபெற்றது.

மருந்தாகவும் இது பயன்பட்டது. பழச்சாற்றைப் புளிக்காடியில் ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்துச் சளிக்குக் கொடுத்தனர். இலைக் கசாயம் வயிற்றுப்போக்கிற்கு உதவியது. இப்புதரின் நீண்ட தண்டு வளைந்து, நுனி மண்ணைத் தொட்டதும் அங்கும் வேர் விடும். இருபுறமும் வேரூன்றிய அவ்வளைவின் கீழே குழந்தையைப் பலமுறை நுழைத்தெடுத்தால் கக்குவான் இருமல் நீங்கும் என்ற நம்பிக்கையும் நாட்டுப்புறத்தில் இருந்தது. தண்டையும் அவர்கள் வீணாக்கவில்லை. முள் நீக்கிப் பிளந்து, வைக்கோலால் செய்யும் தேன்கூடுகளைப் பிணைக்கும் கயிறாக்கினர்.

சொல்லில் ஏறிய முள்

மிக மலிந்த பொருளைப் 'பிளாக்பெரி போல் மலிந்தது' என்பது ஆங்கில உவமை. ஷேக்ஸ்பியர் தம் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதற்பகுதியில் ஃபால்ஸ்டாஃபின் வாயில் இவ்வுவமையை வைத்தார். விக்டோரியா காலத்தவரும் இதனைத் தாராளமாக ஆண்டனர். விலையின்மையைக் குறிக்க எழுந்த இவ்வுவமையே, அப்பழம் எத்துணைப் பேரைச் சென்றடைந்தது என்பதற்கும் சான்றாகின்றது.

புனித மைக்கேல் திருநாளுக்குப் பின் இப்பழத்தை உண்ணலாகாது என்பது மற்றொரு வழக்கு. வானிலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் முட்புதரில் விழுந்து, சினந்து, ஆண்டுதோறும் அந்நாளில் அதன்மேல் உமிழ்கின்றான் என்பது கதை. 1752இல் நாட்காட்டி மாறியதால், பழைய கணக்கில் அத்திருநாள் அக்டோபர் 10 அல்லது 11 ஆகும். அப்பருவத்தில் பழம் நீர்த்துச் சுவை குன்றிப் பூஞ்சை பிடிப்பது உண்மை. அனுபவ அறிவு கதையாடை உடுத்தி நடமாடிற்று எனலாம்.

நகரமும் நினைவும்

1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கிலாந்தின் நகர மக்கள் தொகை நாட்டுப்புறத் தொகையை விஞ்சிற்று. ஆலைகளை நாடி நகர் புகுந்தோர் வேலியோரத்தை மறந்தாரல்லர். விடுமுறை நாளில் புகைவண்டியேறிப் பசுமை தேடிச் சென்றனர். இலண்டனை அடுத்த எப்பிங் காடு 1878இல் ஒரு சட்டத்தால் காக்கப்பட்டு மக்களுக்கு உரியதானது. 1882இல் அரசியாரே நேரில் வந்து அதனைத் திறந்து வைத்தார். தம் பிள்ளைகட்கு ஒரு புதரையேனும் காட்ட விழைந்த நகர மக்களுக்கு அக்காடு பெரும்பேறு.

ஆயினும் காலம் எதையும் விட்டுவைப்பதில்லை. 2007இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு சிறுவர் அகராதியின் பதிப்பில் பிளாக்பெரியும் அதன் புதரைக் குறிக்கும் 'பிராம்பிளும்' நீக்கப்பட்டன; 'பிராட்பேண்ட்' போன்ற சொற்கள் புகுந்தன. 2015இல் எழுத்தாளர் 28 பேர், இயற்கைச் சொற்களை மீண்டும் சேர்க்குமாறு அவ்வகராதியாரைக் கேட்டு மடல் எழுதினர். இதற்கிடையே, 1999இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று தன் கைக்கருவிக்கு இப்பழத்தின் பெயரைச் சூட்டியது. அதன் பொத்தான்கள் பழத்தின் மணிகளைப் போன்றிருந்தனவாம். உலகெங்கும் புகழ்பெற்ற அக்கருவியின் பழைய சேவையும் 2022 சனவரியில் ஓய்ந்தது. வேலியின் பழமோ இன்றும் ஆண்டுதோறும் பழுத்துக்கொண்டிருக்கின்றது.

கை தொடாத பொருளின் பெயரை நா நெடுநாள் தாங்காது. இஃது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய துன்பமன்று. ஊர்விட்டு வந்து வாழும் நம் வீடுகளில் களா, சூரை, இலந்தை என்னும் சொற்கள் எத்தனைக் குழந்தைகளுக்கு வெறும் ஓசையாக நிற்கின்றன! அடுத்த கோடை விடுமுறையில் ஊர் செல்லும்போது, அவர்களை ஒருமுறை வேலியோரம் அழைத்துச் செல்வோம். முள் சற்றே கீறட்டும், சொல் நிலைக்கும்.