ஒரு ஃபோல்டரைத் திறந்தால் எத்தனை விண்டோ?

போன வாரம் லேப் ரெக்கார்டு கொடுக்க வேண்டிய கடைசி நாள். நண்பன் ஒருவன் தன் ஃபைலை எங்கே சேமித்தான் என்று தெரியாமல் கால் மணி நேரம் தவித்தான். ஃபைல் அழியவில்லை, வைத்த இடம்தான் மறந்துவிட்டது. இந்தச் சின்னப் பிரச்சினைக்கு நாற்பது வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு என்றால் நம்புவீர்களா?

1984-ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வந்தது. அதில் ஃபைல்களைக் காட்டிய ஃபைண்டரை எழுதியவர்கள் புரூஸ் ஹார்ன், ஸ்டீவ் கேப்ஸ் என்ற இருவர். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு தனி விண்டோ. மூடிவிட்டு மறுபடி திறந்தால் அதே இடத்தில், அதே அளவில் வரும். ஐகானை எந்த மூலையில் வைத்தோமோ அங்கேயே இருக்கும். வீட்டு அலமாரியில் சட்டை எந்தத் தட்டில் இருக்கிறது என்று கைக்கே தெரியும் இல்லையா, அது மாதிரி. இதற்கு ஸ்பேஷியல் முறை என்று பெயர்.

அன்றைக்கு இது நன்றாகவே வேலை செய்தது. ஏனென்றால் அந்த மெக்கின் ஃப்ளாப்பியில் மொத்த இடமே 400 கேபிதான். அதில் எத்தனை ஃபைல் வைத்துவிட முடியும்?

பிறகு ஹார்டு டிஸ்க் பெருத்தது, கூடவே தலைவலியும் வந்தது. விண்டோஸ் 95-ல் மை கம்ப்யூட்டரில் தொடங்கி ஐந்து ஃபோல்டர் உள்ளே போனால் திரையில் ஆறு விண்டோ நிற்கும். விண்டோஸ் 98 இதை மாற்றியது. இணையப் பக்கம் பார்ப்பது போல ஒரே விண்டோ, முன்னே போக ஒரு பட்டன், பின்னே வர ஒரு பட்டன். 2001-ல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸும் அதே வழியில் போனது. பழைய மெக் ரசிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஜான் சிராகூசா 2003-ல் ஆர்ஸ் டெக்னிகா தளத்தில், பழைய ஃபைண்டரின் அருமையைச் சொல்லி நீண்ட கட்டுரையே எழுதினார்.

கதையின் சுவாரசியமான கட்டம் லினக்ஸில் நடந்தது. 2004 மார்ச்சில் வெளியான க்னோம் 2.6, தன் நாட்டிலஸ் ஃபைல் மேனேஜரை ஸ்பேஷியல் முறைக்கு மாற்றியது. உலகமே ஒரு பக்கம் போனபோது இவர்கள் எதிர்ப் பக்கம் போனார்கள்! விண்டோ குவியாமல் இருக்க வழியும் வைத்திருந்தார்கள். மவுஸின் நடு பட்டனால் திறந்தால் முந்தைய விண்டோ தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அது பலருக்குத் தெரியவே இல்லை. பழைய முறைக்குத் திரும்ப ஜிகான்ஃப் எடிட்டருக்குள் நுழைந்து தேட வேண்டியிருந்தது. பயனர்கள் கொதித்தார்கள். கடைசியில் 2010-ல் வந்த க்னோம் 2.30, ஒரே விண்டோ முறையையே இயல்பாக்கிவிட்டது.

அப்படியானால் ஸ்பேஷியல் தவறான யோசனையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலமாரிக்குச் சரியான முறையைக் கிடங்குக்குப் பயன்படுத்தப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பத்து ஃபோல்டர் இருந்தால் இடத்தை நினைவில் வைக்கலாம். பத்தாயிரம் இருந்தால்?

அதன் பிறகு வந்த முன்னேற்றங்கள் எல்லாம் கிடங்குக்கு ஏற்றவை. 2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், முகவரிப் பட்டையில் வழியின் ஒவ்வொரு படியும் ஒரு பட்டன் ஆனது. நாட்டிலஸுக்கு 2008-லும், மெக் ஃபைண்டருக்கு 2013-லும் டேப் வசதி வந்தது. விண்டோஸ் எக்ஸ்புளோரருக்கு அது 2022-ல்தான் கிடைத்தது. இவை எல்லாம் போகும் வழியைக் காட்டுகின்றன. ஆனால் கையே இடத்தை அறிந்திருக்கும் அந்தப் பழக்கம் போய்விட்டது. தேடும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அதற்குப் பெயராவது நினைவிருக்க வேண்டுமே!

நண்பன் கதைக்கு வருகிறேன். ஃபைலின் பெயரும் அவனுக்கு மறந்திருந்தது. முந்தின நாள் இரவு எழுதினோம் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தோம், மேலேயே இருந்தது. எங்கே என்பதை மறந்த மனதுக்கு எப்போது என்பது மறக்கவில்லை. அடுத்த ஃபைல் மேனேஜரை எழுதப் போகிறவர் நம் வகுப்பிலேயே இருக்கலாம். அவர் இங்கிருந்து தொடங்கட்டும்.