பதினோராயிரம் அடியில் ஓர் எல்லை

பினாங்கிலுள்ள பாயான் பாருவின் அடுக்குமாடி வீடுகளுக்கு அருகே தாழ்ந்து பறந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்குகின்ற ஒவ்வொரு விமானமும், தரையைத் தொடுவதற்குச் சிறிது நேரம் முன்னதாக, கண்ணுக்குப் புலப்படாத ஓர் எல்லையைக் கடந்தே வருகிறது. மேலேறும் விமானி 11,000 அடியில் தம் உயரமானியை உள்ளூர்க் காற்றழுத்தத்தினின்று விலக்கி, உலகம் முழுவதற்கும் பொதுவென நிர்ணயிக்கப்பட்ட 1013.25 மில்லிபாருக்குத் திருப்புகிறார். இறங்குபவரோ, 'ஃப்ளைட் லெவல் 130' என்று வழங்கும் மட்டத்தில் (அப்பொது அளவில் 13,000 அடி) மீண்டும் உள்ளூர் அழுத்தத்துக்கு வருகிறார். முன்னதை டிரான்சிஷன் ஆல்டிடியூட் என்றும் பின்னதை டிரான்சிஷன் லெவல் என்றும் விமானிகள் சொல்லுவர்.

உயரமானி அளப்பது காற்றின் அழுத்தத்தையே. அதை அடிக்கணக்காக மாற்றிக் காட்டுவதுதான் அதன் தொழில். ஆதலால் அழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் ஏறத்தாழ 30 அடி பிழை நேரும். குன்றுகளுக்கருகே பறக்கையில் அந்தந்த ஊரின் அழுத்தம் தெரிந்தாலன்றிப் பத்திரமில்லை. நெடுந்தூரப் பிரயாணத்திலோ, வெவ்வேறு ஊர்களின் அளவை வைத்துக்கொண்டு இரு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடாதிருக்க, எல்லாரும் ஒரே அளவைக் கைக்கொண்டாக வேண்டும்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் உருவானதன்று. அழுத்தத்திற்கேற்பத் திருத்தத்தக்க நுட்பமான உயரமானியைப் பால் கால்ஸ்மன் 1928-இல் அமைத்தார். மறு ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி ஜேம்ஸ் டூலிட்டில் அதன் துணையோடு, வெளியே எதையும் காணாமலே ஒரு விமானத்தை எழுப்பிப் பறந்து இறக்கிக் காட்டினார். பாயான் லெப்பாஸ் நிலையம் 1935-இல் திறக்கப்பட்டது. 1936 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸின் 'டொராடோ' விமானம் பினாங்கிலிருந்து ஹாங்காங்குக்கு ஆகாயத் தபால் வழியைத் தொடங்கிவைத்தது. 1944-இல் சிக்காகோ ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதன் வழியே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் பிறந்த பின்னரும், உலகுக்கெல்லாம் ஒரே எல்லை என்பது விதிக்கப்படவில்லை. இயன்ற மட்டும் தாழ்வாக, ஆயினும் நிலையத்திற்கு மேல் 3,000 அடிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்பதே பொதுநெறியாயிற்று. மற்றதைத் தேசங்கள் தத்தம் விருப்பப்படி முடிவு செய்துகொண்டன.

அம்முடிவுகளில் மலைகளின் பங்கு பெரிது. மேற்கே 14,000 அடிக்கு மேலெழும் சிகரங்களையுடைய அமெரிக்கா 18,000 அடியைக் கொண்டது. பிரிட்டன் பொதுவாக 3,000 அடியில் நின்றது. அங்கே பென் நெவிஸ் சிகரமோ 4,413 அடி என்பதால், மலைநியாயம் ஒன்றே காரணமாகாது என்பது விளங்கும். தீபகற்ப மலேசியாவின் உச்சியாகிய குனோங் தஹான் 7,175 அடிதான். அதற்கு மேல் 11,000 அடி தாராளமான இடைவெளியே. எனினும் சபாவிலுள்ள கினபாலு 13,435 அடி உயர்ந்து, அந்த எல்லைக்கும் மேலே நிற்கிறது. சிங்கப்பூரும் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் இதே 11,000 அடியைக் கொண்டிருப்பதை நோக்க, அண்டைநாடுகளோடு ஒத்துப்போவதும் ஒரு பலமான காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது போற்றத்தக்க காரணமுங்கூட. டொராடோ சென்றடைந்த ஹாங்காங்கிலோ எல்லை 9,000 அடி.

பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள பினாங்கில், காலை பத்து மணியளவில் உயர்ந்து மாலை நான்கில் தணியும் அழுத்தம் நாளொன்றுக்குச் சில மில்லிபாரே அசைகிறது; ஆதலின் மாறாத ஒரே லெவல் இங்கே போதுமானதாயிருக்கிறது. வடதேசங்களின் மாரிக்காலப் புயலிலோ அழுத்தம் 980 மில்லிபாருக்கும் கீழே இறங்கும். அத்தகைய நாளில் உயரமானியை உள்ளூர் அழுத்தத்துக்குத் திருப்ப மறந்த விமானி, தாம் இருப்பதாக எண்ணும் உயரத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி கீழே பறந்துகொண்டிருப்பார். எல்லை தேசத்துக்குத் தேசம் மாறாதிருக்க, ஐரோப்பாவில் பொது எல்லை ஒன்றை நிறுவும் முயற்சி நெடுநாள் நடந்தது. இன்றளவும் அது கைகூடவில்லை. ஒரே காலையில் மூன்று தேசங்களில் இறங்குகின்ற விமானி, அந்தந்த நிலையத்துப் படத்தில் அச்சிட்ட எண்ணை ஒவ்வொரு முறையும் படித்தறிந்தே இறங்க வேண்டியிருக்கிறது.