நான்கு வரிக்கு ஓர் உரை

டோக்கியோவின் ஹராஜுக்குவில் வேரூன்றிய லோலிடா உடையில் பொம்மை கவுனின் சாயல் உண்டு: இறுகிய மேற்பகுதி, குடைபோல் விரியும் பாவாடை. ஏஞ்சலிக் பிரிட்டி போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் இவ்வகை உடைகளில் பலவற்றை ஒரே அளவில்தான் தைக்கின்றன. கைவைத்த ஓர் உடைக்கான அளவுக் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும், எண்கள் சென்டிமீட்டரில்.

மார்பு 88–104, முதுகில் எலாஸ்டிக் சுருக்கு

முதல் எண் சுருக்கு தளர்ந்து கிடக்கும்போது. இரண்டாவது, முழுக்க இழுபட்டபோது. இரண்டும் துணியின் அளவுகள், உடம்பினுடையவை அல்ல. 104 மார்புள்ளவர் போட்டால் ஏறும், ஆனால் சுருக்கு தட்டையாகி எலாஸ்டிக் நூல் பல்லிளிக்கும். நாலைந்து சென்டிமீட்டர் மிச்சம் வைப்பதே அழகு. இன்னொன்று: விரிவது முதுகு மட்டும், முன்பக்கம் விரியாது. முதுகு குறுகி மார்பு பெருத்தவருக்கு மொத்த அளவு சரியாக இருந்தாலும் பக்கத் தையல் முன்னே இழுபட்டு நிற்கும்.

இடுப்பு 70–86

குறிப்பிலேயே அதிகம் ஏமாற்றும் வரி இதுதான். யாருடைய இடுப்பு? உடையின் இடுப்பு. உயரமானவருக்கு அது விலா எலும்பின் மேல் போய் உட்காரும். அப்போது டேப்பை அங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும். இடுப்பு 80 உள்ளவருக்கு விலாவில் 88 இருந்தால், பொருந்துவதாகக் காகிதம் சொன்ன உடை பொருந்தாது. மற்றபடி, மெலிந்த இடை கட்டாயம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. உள்ளே போடும் பேனியர் பாவாடையை உப்ப வைக்கும்போது எந்த இடையும் சிறுத்தே தெரியும்.

தோள் அகலம் 34

ஒற்றை எண். எலாஸ்டிக் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஆகவே இந்த வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். கைக்குழி பிடித்தால், இடுப்பில் கட்டும் நாடாவிலிருந்து துணி எடுத்து அக்குளில் ஒட்டு கொடுக்கலாம். தோளே பிடித்தால் வழியில்லை. பிளவுஸ் மேல் அணியும் கையில்லாத ஜம்பர் ஸ்கர்ட்டுக்கு மாறுவதே மேல். அதிலும் பிளவுஸின் கனத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். எதை வெட்டினாலும் பழைய உடைச் சந்தையில் விலை இறங்கும். அதனால் இவற்றை அணிபவர்களில் பலர், பிரித்தால் பழையபடி ஆகிவிடும் தையலையே விரும்புகிறார்கள்.

நீளம் 90

தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை. பேனியர் போட்டதும் விளிம்பு மேலே ஏறிவிடும். உயரமானவர் லேஸ் வைத்த உள்பாவாடையால் முழங்காலை மறைத்துக்கொள்ளலாம். குள்ளமானவர் விளிம்பை வெட்டினால் அங்கே அச்சிட்ட கோட்டைகளும் முயல்களும் போய்விடும். அதற்குப் பதில் இடுப்புத் தையலைப் பிரித்து, பாவாடையின் மேல்பக்கம் குறைத்து, மறுபடி சுருக்கு வைத்து இணைக்க வேண்டும். தையல்காரர் கூடுதல் கூலி கேட்டால் நியாயம்தான்.