இந்தியன் ஓஷன் - ஏழு ஆல்பங்கள், என் வரிசை

தில்லியில் இருக்கும் நம்மவர்களிடம் இந்தியன் ஓஷன் கேட்டதுண்டா என்று விசாரித்தால், பாதிப்பேர் "அந்த பந்தே பாட்டு தானே?" என்பார்கள். மீதிப்பேர் ஏதோ பூகோளப் பாடம் என்று நகர்ந்துவிடுவார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒரே பெரிய ராக் பேண்டு (கால்சட்டை இல்லை சாமி) என்று நான் சொல்வேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

வரிசைக்குப் போகும் முன் கொஞ்சம் சரித்திரம். 1990-ல் சுஷ்மித் சென் என்ற கிடார்காரரும் அஷீம் சக்ரவர்த்தி என்ற தபலாக்காரரும் ஆரம்பித்தது. அடுத்த வருடம் ராகுல் ராம் பேஸ் கிடாரோடு வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, திரும்பி வந்து நர்மதா அணை எதிர்ப்பு இயக்கத்தில் வேலை பார்த்தவர். நம் வீட்டில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும் :-) 1994-ல் அமித் கிலாம் டிரம்ஸில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் இந்த நாலு பேர்தான்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் ராக் என்றால் காலேஜ் கல்ச்சுரல்ஸில் வெள்ளைக்காரன் பாட்டை அப்படியே திருப்பி வாசிப்பது. ஐஐடி மெட்ராஸ் மேடை ஆனாலும் சரி, தில்லி மேடை ஆனாலும் சரி. நன்றாக வாசித்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் வாசித்தது அடுத்தவன் சரக்கு. இந்தியன் ஓஷன் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே தபலாவை வைத்தது. சுஷ்மித்தின் கிடாரில் ராகச் சாயல் வரும், அடிதடி இரைச்சல் வராது. அஷீம் தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று மிருதங்கம் கற்றுக்கொண்ட யாரையாவது கேளுங்கள்.

சரி, வரிசை. மேடையில் பதிவானதை நான் சேர்க்கவில்லை. அதனால் 'டெசர்ட் ரெயின்' (1997) கணக்கில் வராது. மனசு கேட்கவில்லைதான். 1989-ல் சாஹிபாபாதில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு இறந்த சஃப்தர் ஹாஷ்மியின் நினைவாக, 1997 ஜனவரி 1 அன்று மண்டி ஹவுஸ் பக்கம் நடந்த சஹ்மத் நிகழ்ச்சியில் பதிவானது அது. தில்லி ஜனவரிக் குளிரில் திறந்த வெளியில் விரல் விறைக்க வாசித்ததா இது என்று ஆச்சரியப்படுவீர்கள். ஆனால் விதி விதிதான். 'மசான்' (2015) படத்துக்கு இவர்கள் போட்டது மூன்று பாட்டு. அதை ஆல்பம் என்று சொல்ல முடியாது. மீதி ஏழு.

ஏழாவது இடம் 'து ஹை' (2023). ஆறாவது 'தண்டனு' (2014). இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அஷீம் இல்லை, 2013-ல் சுஷ்மித்தும் விலகிவிட்டார். புதிதாக வந்த நிகில் ராவ், ஹிமான்ஷு ஜோஷி, துஹீன் சக்ரவர்த்தி எல்லோரும் தேர்ந்த கலைஞர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. 'தண்டனு'வில் பாட்டுக்குப் பாட்டு விருந்தாளி. நம் பக்கத்திலிருந்து கஞ்சிரா செல்வகணேஷும் வயலின் குமரேஷும் வாசித்திருக்கிறார்கள். அதற்காகவே ஒரு முறை கேட்கலாம். ஆனாலும் எனக்கு அது விருந்து வீடு மாதிரி இருக்கிறது. எல்லாம் கிடைக்கும், வீட்டுச் சாப்பாட்டு ருசி மட்டும் இருக்காது.

ஐந்தாவது, முதல் ஆல்பம். பெயரும் 'இந்தியன் ஓஷன்' தான், 1993-ல் எச்எம்வி போட்டது. பெரும்பாலும் வாத்திய இசை. இதில் 'கோயிங் டு ஐடிஓ' என்று ஒன்று உண்டு. ஐடிஓ என்பது வேறொன்றுமில்லை, வருமான வரி அலுவலகச் சந்திப்பு. தில்லியில் வேலை பார்த்த யாரும் வாழ்க்கையில் பாதியை அந்த சிக்னலில் கழித்திருப்பார்கள். கலிபோர்னியா நெடுஞ்சாலையைப் பற்றி உருகாமல் ஐடிஓ போவதைப் பற்றி ஒரு ராக் குழு வாசித்ததே, அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது. ஒலிப்பதிவு மட்டும் கொஞ்சம் சப்பை.

நாலாவது 'பிளாக் ஃப்ரைடே' (2005). 1993 மார்ச் 12 மும்பை குண்டுவெடிப்புகளைப் பற்றி அனுராக் காஷ்யப் எடுத்த படத்தின் இசை. அந்த வழக்கில் தடா நீதிமன்றத் தீர்ப்பு வரும் முன் படம் வரக்கூடாது என்று தடை வந்ததால், படம் தியேட்டருக்கு வந்தது 2007 பிப்ரவரியில். பாட்டு முந்திக்கொண்டது. பீயூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' படமில்லாமலேயே ஊரெல்லாம் பரவியது. 257 பேர் செத்த சம்பவத்துக்கு இசை போடுவதில் இரண்டு அபாயம் உண்டு. ஒன்று ஒப்பாரி, இன்னொன்று பழிவாங்கும் ஆவேசம். இவர்கள் இரண்டிலும் விழவில்லை. அந்தப் பாட்டு யாரையும் திட்டவில்லை, நில் என்கிறது, அவ்வளவுதான். ஆல்பத்தில் மற்றவை படத்தின் பின்னணி இசைத் துண்டுகள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் வழுக்கும். அதனால்தான் நாலு.

மூன்றாவது 'ஜீனி' (2003). தலைப்புப் பாட்டு கபீருடையது. நெசவாளி கபீர், உடம்பை நெய்த துணியாகப் பார்க்கும் பாட்டு. இதை வடக்கே கச்சேரிகளில் எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள். இவர்கள் பாடும்போது தறி ஓடுகிற சத்தம் அடியில் கேட்கிற மாதிரி எனக்குத் தோன்றும். பிரமையாகவும் இருக்கலாம். நம் சித்தர் பாடல்களை இப்படி யாராவது எடுத்து வைத்து வாசிக்க மாட்டார்களா என்று ஒவ்வொரு தடவையும் ஒரு ஏக்கம் வரும்.

இரண்டாவது இடத்துக்கு நான் வைத்திருப்பதைப் பார்த்து ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். '16/330 கஜூர் ரோடு' (2010). இது ஒரு விலாசம். கரோல் பாக்கில் ஒரு பழைய வீடு, அங்கேதான் பல வருடம் பயிற்சி. கரோல் பாக் என்றால் நமக்கும் உறவுதான். மத்திய சர்க்கார் வேலைக்கு ரயிலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ முதலில் பெட்டியை இறக்கிய இடம் அது. பில்டர் காபி டிகாஷன் இறங்கிய அதே பேட்டையின் ஒரு பழைய வீட்டில் இவர்கள் தபலாவும் டிரம்ஸும் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷம்.

ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பதிவு செய்தாகிவிட்டது. 2009 டிசம்பர் 25 அன்று அஷீம் காலமானார். வயது 52, இதயம் கைவிட்டது. குழு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர்கள் செய்தது வேறு. 2010 ஜூலையிலிருந்து மாதத்துக்கு ஒரு பாட்டு என்று இணையத்தில் இலவசமாக வெளியிட்டார்கள். கம்பெனியும் வேண்டாம், கடையும் வேண்டாம், இறக்கிக்கொண்டு கேளுங்கள் என்று. பாட்டு விற்றால் ஆர்ட்டிஸ்டுக்குக் கிடைப்பது சில்லறை, கச்சேரியில்தான் பிழைப்பு என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. கணக்கு இருக்கட்டும். கேட்கிறவனுக்கு அது வேறு மாதிரி இருந்தது. மாதம் ஒரு தடவை, இறந்த மனிதர் வந்து ஒரு புதுப் பாட்டு பாடிவிட்டுப் போவார். அடுத்த மாதம் இன்னொன்று. ஏழு மாதம் இப்படி. எட்டாவது மாதம் ஒன்றும் வரவில்லை. 'சாந்த்' முதலில் வந்தது, 'ஷூன்யா' பின்னால் வந்தது, எதையும் தள்ளிவிட்டுக் கேட்டதில்லை.

முதலிடம் 'கண்டிசா' (2000). வேறென்ன.

இதில் முதலில் வருவது 'மா ரேவா'. ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர். அந்தப் பள்ளத்தாக்கில் பாடப்படும் பாட்டு, ராகுல் ராம் இயக்கத்தில் இருந்த காலத்தில் அங்கிருந்து எடுத்து வந்தது. இதே 2000-ல், அக்டோபர் 18 அன்று, சர்தார் சரோவர் அணையைத் தொடர்ந்து கட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 செப்டம்பரில் அணை முதல் முறையாக 138.68 மீட்டர் முழு உயரத்துக்கு நிரம்பியது. அந்த நதியைத் தாயாக நினைத்துப் பாடிய ஊர்களில் பல அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கின்றன. காவிரித் தண்ணீருக்காக ஏங்கிய ஊர்க்காரன் நான், எனக்கு அணை என்றாலே கெட்டது என்று சொல்ல வராது. ஆனால் 'மா ரேவா'வை வெறும் துள்ளல் பாட்டாக இப்போது கேட்க முடியவில்லை.

அப்புறம் 'ஹில்லே லே', போஜ்புரிக் கவி கோரக் பாண்டே எழுதியது. அதையும் தாண்டி 'கண்டிசா' என்ற அந்தத் தலைப்புப் பாட்டு. இந்தி இல்லை, ஆங்கிலம் இல்லை, மலையாளமும் இல்லை. சிரியாக், அதாவது இயேசு பேசிய அராமைக் மொழியின் கிளை. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாகக் காத்து வைத்திருக்கும் வழிபாட்டுப் பாடல், புனிதமானவர் என்று கடவுளை அழைப்பது. தில்லியில் ஒரு ராக் குழு அதை எடுத்து மெதுவாக ஆரம்பித்து, குரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போகிறது.

இந்தப் பாட்டு முதலிடத்தில் இருப்பதற்கு எனக்கு ஒரு சுயநலமான காரணமும் உண்டு. இங்கே பிறந்த என் மகளுக்கு மற்ற ஆறு ஆல்பத்திலும் இந்தி என்னைவிட நன்றாகப் புரியும். "அப்பா, அதுக்கு அர்த்தம் அது இல்லப்பா" என்று காரில் பாதிப் பாட்டில் நிறுத்தித் திருத்துவாள். இருபது வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் எனக்கு இந்தி சப்ஜிக்காரரோடு பேரம் பேசுகிற அளவுதான். 'கண்டிசா' வரும்போது மட்டும் அவளுக்கும் புரியாது, எனக்கும் புரியாது, பக்கத்து வீட்டு பஞ்சாபிக்கும் புரியாது. எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் பாடுவோம்.