கொழும்பை முந்திய குதிரை

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் சாலையில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கிற நாட்களில் அப்பா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாடுகள் ஓடி முடித்தபின் குதிரை வண்டிகள் வரும். சாலை குறுகல். இரண்டு பக்கமும் கரிசல், ஓரமெல்லாம் சீமைக் கருவேல். முன்னால் போகிற வண்டி நடுச்சாலையைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிற குதிரைக்கு எவ்வளவு வேகம் இருந்தாலும் பயனில்லை. சாரதி தொண்டை கிழியக் கத்துவார். வழி கிடைக்கும்போது எல்லை வந்திருக்கும். "நல்ல குதிரைதான், வழி கெடைக்கலையே" என்று கூட்டம் உச்சுக்கொட்டும்.

அதே உச்சுக்கொட்டல் 1934 ஜூன் 6, புதன்கிழமை, இங்கிலாந்தின் எப்சம் மைதானத்திலும் கேட்டது. வழி கிடைக்காமல் தவித்த குதிரையின் பெயர் கொழும்பு. ஜெயித்த குதிரை இந்திய மகாராஜா ஒருவருடையது.

இந்தத் தொடரில் சென்ற வாரம் பாண்டியரின் குதிரைத் துறைமுகமான காயலில் நின்றோம். பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டிய நாட்டுக்கு வர ஏற்பாடாகியிருந்ததையும், ஒவ்வொன்றின் விலை 220 பொன் தினார் என்பதையும், நடுக்கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலம் பணம் கொடுத்ததையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்த கதையைப் பார்த்தோம். வந்த குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டு திரும்புவதற்குள் மாண்டன என்றும், இங்கே லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இல்லை என்றும் மார்க்கோ போலோ சொன்னதையும் பார்த்தோம். திருச்சுழி வட்டாரத்தில் இன்று ஒரு குதிரையைப் பார்க்க வேண்டுமென்றால் கண்மாய்க் கரை அய்யனார் கோயிலுக்குத்தான் போக வேண்டும். அங்கே அது சுதையாக நிற்கிறது. அத்தனை பொன் கொடுத்து வாங்கிய உயிர்கள் நம் மண்ணில் ஒரு வம்சத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

அதே கிழக்கத்திய ரத்தம் நானூறு ஆண்டு கழித்து மேற்கே போனபோது வேறு விதமாகப் பேணப்பட்டது. பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்ற மூன்று ஆண் குதிரைகள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலுமாக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தன. உள்ளூர்ப் பெண் குதிரைகளோடு அவற்றைச் சேர்த்தார்கள். எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன் என்று குறித்துவைத்தார்கள். 1791இல் அந்தக் குறிப்புகள் வம்சாவளிப் புத்தகமாகவே அச்சேறின. அப்படி உருவான இனம்தான் தரோபிரெட். சென்னை கிண்டி மைதானத்தில் ஓடிவந்ததும் அந்த இனமே. இன்று உலகில் எந்தத் தரோபிரெட்டை எடுத்தாலும் அதன் ஆண்வழி அந்த மூன்றில் ஒன்றில் போய் முடியும்.

இனி மகாராஜாவைப் பார்ப்போம். குஜராத்தில் நர்மதை ஓரம் சுமார் 1,500 சதுர மைல் பரப்பில் ராஜ்பிப்லா என்ற சிறிய சமஸ்தானம் இருந்தது. காடும் மலையுமான நாடு, குடிகளில் பீல் மக்கள் ஏராளம். 1915இல் பட்டத்துக்கு வந்த மகாராஜா விஜயசிங்ஜிக்குக் குதிரை என்றால் உயிர். 1926லேயே எம்பார்கோ என்ற தன் குதிரையைக் கொண்டு அயர்லாந்தின் டெர்பியை ஜெயித்தார். ஆனால் பந்தயக்காரர்களுக்கு டெர்பி என்றால் எப்சம்தான். 1780இல் தொடங்கியது, மூன்று வயதுக் குதிரைகள் மட்டும் ஓடுவது. ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. அரசர்கள் பலர் ஆசைப்பட்டு நிறைவேறாமல் போன பந்தயம் அது.

அவருக்கு எப்சமில் ஜெயித்துக் கொடுத்த குதிரையான விண்ட்சர் லேட் 1931இல் அயர்லாந்தில் பிறந்தது. தகப்பன் பிளாண்ட்ஃபோர்ட். இதைச் சேர்த்து நான்கு டெர்பி வீரர்களைப் பெற்ற மகா வித்து அது. தாய் ரெஸ்ப்ளெண்டென்ட்டும் சாதாரணமானதல்ல, ஐரிஷ் ஓக்ஸ் பந்தயத்தை ஜெயித்தது. ஒரு வயதுக் குட்டியாக ஏலத்துக்கு வந்தபோது பயிற்சியாளர் மார்கஸ் மார்ஷ் 1,300 கினி கொடுத்து மகாராஜாவுக்காக வாங்கினார். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 18,200 ரூபாய். மார்ஷுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் வந்த குடும்பம் பெரியது. அவருடைய தந்தை ரிச்சர்ட் மார்ஷ் ஏழாம் எட்வர்ட் மன்னரின் குதிரைகளைப் பழக்கியவர். விண்ட்சர் அரண்மனைக்குப் பக்கத்தில் மகாராஜாவுக்கு ஒரு மாளிகை இருந்தது. குதிரையின் பெயரிலும் விண்ட்சர் வந்து அமர்ந்தது.

இரண்டு வயதில் அதன் பெயர் அதிகம் அடிபடவில்லை. அந்த ஆண்டு எல்லார் வாயிலும் இருந்த பெயர் கொழும்புதான். கார்டிஃப் நகரத்துக் கப்பல் முதலாளி கிளான்லி பிரபுவின் குதிரை. அந்தப் பெயரைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர்த் திண்ணைகள் நினைவுக்கு வரும். மழை பொய்த்த வருஷங்களில் தனுஷ்கோடி வழியாகக் கப்பலேறி, கொழும்பில் கடை வைத்தவர்களும் கூலிக்கு நின்றவர்களும் இந்தச் சீமையில் எத்தனையோ பேர். 'கொழும்புக் காசு' வந்துதான் பல வீடுகளுக்குக் கூரை மாறியது. அந்தப் பெயரைத் தாங்கிய குதிரை 1933இல் ஓடிய ஏழு பந்தயங்களையும் ஜெயித்தது. 1934இல் மேலும் இரண்டு, அதில் ஒன்று டூ தௌசண்ட் கினீஸ் என்ற பெரும் பந்தயம். ஒன்பது ஓடி ஒன்பதும் வெற்றி. டெர்பி அதற்கு எழுதிவைத்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். விண்ட்சர் லேட் செஸ்டரிலும் நியூமார்க்கெட்டிலும் அந்த வசந்தத்தில் அடுத்தடுத்து ஜெயித்திருந்தும், கொழும்பின்மேல் கட்டியவர்களே அதிகம்.

விண்ட்சர் லேட்டின் முதுகில் ஏறிய ஜாக்கியின் கதையைச் சொல்லாமல் பந்தயத்துக்குப் போக முடியாது. சார்லி ஸ்மர்க் சிறு வயதிலேயே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவர். 1928இல் காட்விக் மைதானத்தில் வெல்கம் கிஃப்ட் என்ற குதிரையில் ஏறினார். எல்லாரும் பணம் கட்டியிருந்த குதிரை. கயிறு உயர்ந்தது, மற்றவை பாய்ந்தன, அது நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஸ்மர்க் வேண்டுமென்றே கிளப்பவில்லை என்று முடிவுகட்டி ஐந்து ஆண்டு தடை விதித்தார்கள். ஜாக்கிக்கு ஐந்து ஆண்டு என்பது பாதி வாழ்க்கை. 1933 இலையுதிர் காலத்தில்தான் மறுபடி சேணத்தில் உட்கார்ந்தார். அவரை நம்பிக் குதிரையைக் கொடுத்தது மார்ஷும் மகாராஜாவும் செய்த நல்ல காரியம் என்பேன். தடைபட்டுத் திரும்பிய ஒருவரை டெர்பிக்கு ஏற்றுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

எப்சம் ஓடுதளம் லாட வடிவில் வளைந்தது. தூரம் ஒன்றரை மைல். முதல் பாதி ஏற்றம், பிறகு டாட்டன்ஹம் வளைவு வரைக்கும் இறக்கம். இறக்கத்தில் வளைந்து திரும்பும்போதே நல்ல இடத்தைப் பிடித்துவிட வேண்டும். அங்கே கோட்டை விட்டவர்கள் கடைசி நேர்பாதையில் மீள்வது அரிது. கொழும்பின் மேல் இருந்தவர் ஆஸ்திரேலியரான ரே ஜான்ஸ்டன். உள்வேலியை ஒட்டியே ஓட்டி வந்தார். அவருக்கு முன்னால் மெடீவல் நைட் என்ற குதிரை. அதன் மேல் ஆறு டெர்பி ஜெயித்த பழம் ஜாக்கி ஸ்டீவ் டொனகு. வளைவில் மெடீவல் நைட் களைத்துப் பின்வாங்கியது. பின்னால் வந்த கொழும்புக்கு ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் குதிரைக் கூட்டம், முன்னால் களைத்த குதிரை. பந்தல்குடிச் சாலைதான். ஜான்ஸ்டன் வேகத்தைக் குறைத்து, வெளியே சுற்றி வழி தேட வேண்டியதாயிற்று.

அந்த நொடிகளில் ஸ்மர்க் முன்னேறிவிட்டார். ஐந்து ஆண்டு காத்திருந்த மனிதர் ஒரு கணத்தையும் வீணாக்கவில்லை. நேர்பாதையில் முன்னிலை பிடித்த விண்ட்சர் லேட்டை ஈஸ்டன் என்ற குதிரை விரட்டியது. வெளியே வந்த கொழும்பும் பறந்து வந்தது. ஒரு குதிரை நீள வித்தியாசத்தில் விண்ட்சர் லேட், இரண்டாவது ஈஸ்டன், ஒரு கழுத்து பின்னால் கொழும்பு. நேரம் 2 நிமிடம் 34 விநாடி, முந்தைய ஆண்டு ஹைபீரியன் என்ற குதிரை வைத்த சாதனைக்குச் சமம். மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தை ஏற்ற இறக்கத்தோடு ஒன்றரை மைலுக்கும் தாங்கியிருக்கிறது அந்த உடம்பு. தாமதமின்றி ஓடியிருந்தால் கொழும்புதான் என்று அன்று மாலையே பேச்சு கிளம்பியது. டொனகுவே, தான் அதன்மேல் இருந்தால் எளிதாக ஜெயித்திருப்பேன் என்ற கட்சிதான். ஜான்ஸ்டனைக் கொழும்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். இரண்டு குதிரைகளும் அதன்பின் நேருக்கு நேர் ஓடவே இல்லை.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மகாராஜாவைத் தன் மாடத்துக்கு அழைத்து வாழ்த்தினார். லண்டன் சவாய் ஹோட்டலில் நடந்த விருந்துக்கு ஒரு யானையையே வரவழைத்து, மகாராஜாவின் பந்தய நிறங்களில் அலங்கரித்திருந்தார்களாம். ஆட்சி செய்வது யார், ஆளப்படுவது யார் என்று கோடு போட்டிருந்த காலத்தில், ஆள்கிறவர்களின் பந்தயத்தில் நம்மவர் ஒருவர் ஜெயித்ததில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. கூடவே நர்மதைக் கரையின் பீல் குடிசைகளும் நினைவுக்கு வருகின்றன. இரண்டையும் ஒன்றாகவே சுமக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கோடையிலேயே மகாராஜா குதிரையை விற்றுவிட்டார். வாங்கியவர் மார்ட்டின் பென்சன், லண்டனின் பெரிய புக்கி. விலை 50,000 பவுண்டு, நம் கணக்கில் ஆறரை லட்சம் ரூபாய்க்கு மேல். பணத்தைப் பார்த்தால் நல்ல வியாபாரம்தான். ஆனால் இதன் உண்மையான உயரம் இனிமேல்தான் தெரியப்போகிறது என்பதை அவர் உணரவில்லை என்றே படுகிறது.

ஜூலையில் சாண்டவுன் மைதானத்தில் எக்லிப்ஸ் பந்தயம். கொழும்புக்கு எப்சமில் நேர்ந்தது இங்கே விண்ட்சர் லேட்டுக்கு நேர்ந்தது. உள்வேலியோடு அடைபட்டு, வழி கிடைக்காமல் மூன்றாவதாக வந்தது. முதலிடம் கிங் சால்மன், இரண்டாவது குதிரை உரிமையாளர் ஆகா கானின் உமித்வார். டெர்பியே அதிர்ஷ்டத்தில் கிடைத்தது என்றவர்களின் குரல் ஓங்கியது. நான் இந்தக் குதிரையைப் பற்றி ஒரு வாரத்தை ஒதுக்குவதற்குக் காரணம் எப்சம் அல்ல. இதற்குப் பிறகு அது ஒருமுறையும் தோற்கவில்லை, அதற்காகத்தான்.

யார்க்கில் ஜெயித்தது. செப்டம்பரில் டான்காஸ்டரின் செயின்ட் லெஜர், ஒன்றே முக்கால் மைலுக்கு மேல் நீளும் பந்தயம், அதையும் பந்தய நேரச் சாதனையைச் சமன்செய்து ஜெயித்தது. 1935இல் நான்கு வயதில் நான்கு முறை ஓடியது, நான்கிலும் முதலிடம். அதில் எப்சமின் கரோனேஷன் கோப்பையும் ஒன்று. கடைசியாக அதே சாண்டவுன், அதே எக்லிப்ஸ். ஓராண்டுக்கு முன் அடைபட்டுக் கிடந்த மைதானத்தில் இந்தத் தடவை யாரும் அதை மறிக்க முடியவில்லை. மொத்தம் 13 பந்தயம், 10 வெற்றி. அதோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்து நேர்ந்ததை எழுதக் கை வரவில்லை. வம்ச விருத்திக்காக நிறுத்தப்பட்ட குதிரைக்குச் சைனஸ் நோய் கண்டது. அது ஆறாத நோயாகி ஆண்டுக்கணக்கில் வதைத்தது. பென்சிலின் புழக்கத்துக்கு வராத காலம். வாங்கிய விலைக்கு ஈடான வம்சம் அமையவில்லை. ஆனாலும் ஒரு மகன் பெயர் சொன்னது. 1942இல் அயர்லாந்தின் மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் ஜெயித்த விண்ட்சர் ஸ்லிப்பர் இதன் பிள்ளை. மறு ஆண்டு, 1943இல், வலியிலிருந்து விடுவிக்க விண்ட்சர் லேட்டைக் கொன்றுவிட்டார்கள். வயது பன்னிரண்டு. எங்கள் பக்கம் கோயில் மாடு செத்தால் வேட்டி போர்த்தி, மாலை சாத்தி, கொட்டுமேளத்தோடு ஊரே கூடிப்போய் அடக்கம் செய்யும். போர் நடந்துகொண்டிருந்த அந்த இங்கிலாந்தில் இதற்கு எத்தனை பேர் அழுதிருப்பார்கள்?

பென்சனிடம் அப்போது இன்னொரு குதிரை இருந்தது. 1938இல் 60,000 பவுண்டுக்கு இத்தாலியிலிருந்து வாங்கிய நியர்கோ. உலகப் பந்தயக் குதிரைகளின் வம்சத்தையே மாற்றிய பிராணி அது. அதற்குத் தனி வாரம் வேண்டும்.

ராஜ்பிப்லா 1948இல் இந்திய ஒன்றியத்தோடு, பம்பாய் மாகாணத்தில் கரைந்தது. விஜயசிங்ஜி 1951இல் காலமானார். மார்கஸ் மார்ஷ் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர்க்கைதி முகாமில் காலம் தள்ளித் திரும்பினார். திரும்பியவரை நம்பி ஆகா கான் தன் குதிரைகளை ஒப்படைத்தார். 1952இல் டுல்யர் என்ற குதிரையோடு மார்ஷ் மறுபடி எப்சமுக்கு வந்தார். அதன்மேல் ஏறியவர் ஸ்மர்க், நாற்பத்தைந்து வயது. அதே டாட்டன்ஹம் வளைவு, அதே நேர்பாதை, டுல்யர் முக்கால் நீளத்தில் ஜெயித்தது. பதினெட்டு ஆண்டுக்குப் பின் அந்த இருவரும் டெர்பி ஜெயித்த குதிரையோடு மறுபடியும் சேர்ந்து நின்றார்கள். விண்ட்சர் லேட் செத்து அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.